காயங்களைக் கட்டும் நூலிழை

(மருத்துவமனையின் ஆண்டு ஸ்தோத்திரக் கூட்டத்தில், அறுவை சிகிச்சைப் பிரிவு மருத்துவர் ஒருவர் ஆதரவாளர்களுக்கு ஆற்றிய உரை. வர இயலாத நண்பர்களுக்காக இங்கே அச்சிடுகிறோம்.)



ஒரு காலத்தில் சபைகளின் பெண்கள் சங்கங்கள் பழைய வேஷ்டிகளையும் சேலைகளையும் துவைத்து, கிழித்து, சுருட்டி, கட்டுத்துணியாக மிஷன் ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்பி வந்தார்கள். அந்தத் துணிகள் எத்தனையோ ஏழைகளின் புண்களைக் கட்டின. அதற்காகத் தேவனைத் துதிக்கிறோம். இன்று நாங்கள் உங்களுக்கு அனுப்பும் தேவைப் பட்டியலில் ‘அல்ஜினேட் கட்டு’, ‘கொலாஜன் தாள்’, ‘செயற்கை இரத்தக் குழாய்’ என்று புதிய பெயர்கள் இருக்கின்றன. அவற்றின் விலையும் அதிகம். “ஏழைகளுக்கான ஆஸ்பத்திரிக்கு இதெல்லாம் எதற்கு? சுத்தமான பருத்தித் துணி போதாதா?” என்று ஆதரவாளர்களில் சிலர் கேட்கிறீர்கள். கேள்வி நியாயமானது. காணிக்கை கொடுத்தவர்களுக்குக் கணக்குக் கேட்கும் உரிமை உண்டு. அந்தக் கணக்கில் ஒரு பகுதியையாவது இன்று ஒப்புவிக்க விரும்புகிறேன்.

இரத்தம் அந்நியனை அறியும்

நம்முடைய இரத்தத்திற்கு இரண்டு கடமைகள் உண்டு. குழாய்க்குள் இருக்கும்வரை அது தண்ணீரைப்போல ஓட வேண்டும். குழாய் அறுந்து வெளியே வந்தால் சில நிமிடங்களில் உறைய வேண்டும். முதல் கடமையில் தவறினால் மாரடைப்பும் பக்கவாதமும் வரும். இரண்டாவதில் தவறினால் ஒரு சிறு வெட்டுக்காயத்திலேயே உயிர் போய்விடும்.

தான் உள்ளே இருப்பதை இரத்தம் எப்படி அறிகிறது? இரத்தக் குழாயின் உட்புறம் முழுவதும் ஒரே அடுக்காகச் செல்கள் பதிந்திருக்கின்றன. இந்த மெல்லிய விரிப்பு சும்மா கிடப்பதில்லை. இரத்தம் உறையாதபடி காக்கும் பொருள்களை ஓயாமல் சுரந்துகொண்டே இருக்கிறது. இந்த விரிப்பைத் தவிர வேறு எதைத் தொட்டாலும் இரத்தம் அதை அந்நியமென்று எண்ணுகிறது. பிளாஸ்டிக்கோ உலோகமோ உள்ளே வைக்கப்பட்டால், சில விநாடிகளில் இரத்தத்திலுள்ள புரதங்கள் அதன்மேல் ஒட்டுகின்றன. பின்பு தட்டணுக்கள் வந்து ஒட்டுகின்றன. அதன்பின் உறைதல் ஆரம்பமாகிறது. நம்மைக் காப்பாற்றுவதற்காகச் சிருஷ்டிகர் வைத்த அதே ஏற்பாடுதான், அடைபட்ட குழாயை மாற்ற வரும் மருத்துவனுக்குப் பெரிய சவாலாக நிற்கிறது.

தையல் கற்ற மருத்துவர்கள்

1894இல் பிரான்ஸ் நாட்டின் லியோன் நகரத்தில் அந்நாட்டின் ஜனாதிபதி கார்னோ கத்தியால் குத்தப்பட்டார். அறுந்த பெரிய இரத்தக் குழாயைத் தைக்க அக்காலத்து மருத்துவர்களுக்கு வழி தெரியவில்லை. அவர் இறந்தார். அந்த ஊரில் இருந்த அலெக்ஸிஸ் கரேல் என்ற இளைஞரை இந்தச் சம்பவம் மிகவும் பாதித்தது. அவர் பூத்தையல் வேலை செய்யும் ஒரு அம்மையாரிடம் போய், மெல்லிய ஊசியும் பட்டு நூலும் பிடிக்கக் கற்றுக்கொண்டார். இரத்தக் குழாய்களின் இரு முனைகளைக் கசியாமல் இணைக்கும் முறையை உருவாக்கினார். 1912இல் நோபல் பரிசு பெற்றார். இன்றும் நாங்கள் அவர் காட்டிய வழியில்தான் தைக்கிறோம்.

முனைகளை இணைக்கலாம், நடுவில் ஒரு பகுதியே கெட்டுப்போயிருந்தால் என்ன செய்வது? 1947இல் நியூயார்க்கில் ஆர்தர் வூர்ஹீஸ் என்ற மருத்துவர் ஒரு நாயின் இதயத்தைப் பரிசோதித்தார். பல மாதங்களுக்கு முன் தைத்த ஒரு பட்டு நூல் இதய அறைக்குள் கிடந்தது. அது உறைகட்டி பிடித்துக் கிடக்கவில்லை. பளபளப்பான மெல்லிய திசு அதன்மேல் படர்ந்திருந்தது. ஒரு நூலுக்கு உடல் இப்படி மேலாடை போர்த்துமானால், நூலால் நெய்த குழாய்க்கும் போர்த்தாதா என்று அவர் சிந்தித்தார். பாராசூட் துணியாகப் பயன்பட்ட வினியான் என்ற செயற்கைத் துணியால் குழாய் தைத்து நாய்களில் சோதித்து, 1952இல் தம் சக மருத்துவர்களோடு முடிவை வெளியிட்டார்.

அதே காலத்தில் ஹூஸ்டன் நகரத்தில் மைக்கேல் டிபேக்கி என்ற மருத்துவர் நைலான் துணி வாங்கக் கடைக்குப் போனார். நைலான் தீர்ந்துபோயிருந்தது. அங்கே இருந்த டேக்ரான் என்ற புதிய துணியை வாங்கி வந்து, வீட்டுத் தையல் இயந்திரத்தில் தாமே குழாயாகத் தைத்தார். சிறு வயதில் தாயிடம் கற்ற தையல் அவருக்குக் கைகொடுத்தது. டேக்ரான் என்பது வேறொன்றுமில்லை. நம்மூரில் டெரிலின் சட்டை என்று அணிந்தோமே, அதே பாலியெஸ்டர்தான். 2005இன் கடைசி நாளில், தம் 97ஆம் வயதில், டிபேக்கியின் சொந்த மகாதமனியே கிழிந்தது. அவருடைய சக மருத்துவர்கள் டேக்ரான் குழாய் வைத்து அவரைப் பிழைக்கச் செய்தார்கள். 2008 வரை அவர் உயிரோடிருந்தார்.

ஏன் நூல்?

வழுவழுப்பான பிளாஸ்டிக் குழாயைவிட நூலால் ஆன குழாய் ஏன் நல்லது? நூல்களுக்கு இடையே கண்ணறைகள் இருக்கின்றன. அவற்றின் வழியாகச் சுற்றியுள்ள திசு உள்ளே வளர்ந்து குழாயைப் பற்றிக்கொள்ளும். ஆனால் கண்ணறை பெரிதானால் இரத்தம் கசியும். ஊடும் பாவுமாக இறுக்கி நெய்தால் கசிவு குறையும். துணி விறைப்பாக இருக்கும். பனியன் துணியைப்போலப் பின்னினால் மென்மையாக வளையும், கசிவு அதிகமாகும். ஆகவே முற்காலத்தில் அறுவை மருத்துவர்கள், பின்னிய குழாயை நோயாளியின் சொந்த இரத்தத்திலேயே முதலில் நனைத்து, கண்ணறைகள் உறைந்து அடைபட்ட பின்பே உள்ளே வைத்துத் தைத்தார்கள். இப்போது தொழிற்சாலையிலேயே கொலாஜன் அல்லது ஜெலட்டின் பூசி அடைத்து அனுப்புகிறார்கள். இந்தப் பூச்சு உடலில் மெதுவாகக் கரைய, அந்த இடத்தைத் திசு பிடித்துக்கொள்கிறது.

1969இல் டெஃப்லானைச் சட்டென்று இழுத்து விரிக்கும் முறை கண்டுபிடிக்கப்பட்டது. நுண்ணிய இழைகளும் இடைவெளிகளும் நிறைந்த அந்தப் பொருள் 1970களிலிருந்து இரத்தக் குழாயாகப் பயன்படுகிறது. டயாலிசிஸ் நோயாளிகளில், தங்கள் சொந்த நாளங்கள் உதவாதவர்களுக்குக் கையில் வைப்பது பெரும்பாலும் இதைத்தான்.

இந்தக் குழாய்கள் பெரிய தமனிகளில் நன்றாக வேலை செய்கின்றன. அங்கே இரத்தம் வெள்ளம்போல வேகமாக ஓடுகிறது. உறைகட்டி நிற்க இடமில்லை. ஆனால் குறுக்களவு 6 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் கதை மாறுகிறது. முழங்காலுக்குக் கீழுள்ள தமனியும், இதயத்தைப் போஷிக்கும் தமனியும் சுமார் 2 முதல் 4 மில்லிமீட்டர்தான். அவ்வளவு சிறிய வாய்க்காலில் ஒரு மெல்லிய படலம் படிந்தாலே வழி அடைபட்டுவிடும். அதோடு, செயற்கைக் குழாய் விறைப்பானது. தமனியோ நாடித்துடிப்புக்கு ஏற்ப விரிந்து சுருங்குவது. இரண்டும் சேரும் தையலிடத்தில் தசை தடித்து வளர்ந்து வழியைக் குறுக்குகிறது.

ஆகவே சிறிய தமனிக்கு இன்றும் சிறந்த மாற்று, நோயாளியின் காலிலிருந்தே எடுக்கும் நாளம்தான். 1948இல் பாரிஸில் ஷான் குன்லின் என்ற மருத்துவர் அப்படி முதன்முதல் காலின் அடைப்பைத் தாண்டிப் பாலம் போட்டார். நாளத்திற்குள் ஒருவழிக் கதவுகள் இருப்பதால் அதைத் தலைகீழாகத் திருப்பி வைத்துத் தைக்கிறோம். இதற்குக் கடையில் ஒரு பைசாவும் கொடுக்க வேண்டியதில்லை. விலையுயர்ந்த பொருளை வாங்குமுன் கர்த்தர் அந்தச் சரீரத்திலேயே வைத்திருப்பதைத் தேடுவது எங்கள் முதல் விதி.

கரைந்துபோகும் சாரம்

எல்லாருக்கும் நல்ல நாளம் இருப்பதில்லை. சிலருக்கு அது முன்பே எடுக்கப்பட்டிருக்கும்; சிலருக்குச் சுருண்டு வீங்கியிருக்கும். இவர்களுக்காகத்தான் உலகெங்கும் ஆராய்ச்சியாளர்கள் பாடுபடுகிறார்கள். வீடு கட்டும்போது கொத்தனார் சாரம் கட்டுகிறார். சுவர் எழும்பியபின் சாரத்தைப் பிரித்துவிடுகிறார். அப்படியே, உடலில் கரையக்கூடிய நூலிழையால் குழாய் வடிவில் சாரம் செய்து, அதன்மேல் உயிருள்ள செல்களை வளர்த்தால், செல்கள் தங்கள் சுவரைக் கட்டிக்கொள்ளும், சாரம் கரைந்துபோகும்.

இந்த நுண்ணிய இழையை நூற்க ஒரு முறை உண்டு. பிசின் போன்ற கரைசலை ஊசி முனையிலிருந்து உயர் மின்னழுத்தத்தால் இழுக்கிறார்கள். தலைமுடியைவிட நூறு மடங்கு மெல்லிய இழைகூட இப்படிக் கிடைக்கும். 1934இலேயே அன்டன் ஃபார்மால்ஸ் இதற்குக் காப்புரிமை பெற்றார். நம் உடலில் செல்கள் குடியிருக்கும் கொலாஜன் இழைகளின் பருமனுக்கு இது கிட்ட வருகிறது. ஆனால் இழை மிக மெல்லியதானால் இடைவெளியும் மிகச் சிறிதாகி, செல்கள் உள்ளே நுழைய முடியாமல் போகும். இந்தச் சமநிலைக்காகவே ஆய்வகங்களில் ஆண்டுகள் செலவாகின்றன.

2001இல் டோக்கியோ மருத்துவர்கள் 4 வயதுச் சிறுமி ஒருத்தியின் நுரையீரல் தமனிக்கு, அவளுடைய சொந்தச் செல்களை இப்படிப்பட்ட சாரத்தில் வளர்த்து வைத்த செய்தியை வெளியிட்டார்கள். 2024 டிசம்பரில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம், ஆய்வகத்தில் வளர்க்கப்பட்ட ஒரு மனித இரத்தக் குழாய்க்கு அனுமதி வழங்கியது. கை கால் தமனி காயப்பட்டு, சொந்த நாளம் உதவாத பெரியவர்களுக்கு அது வைக்கப்படுகிறது. கரையும் நூல்வலையில் மனிதச் செல்களை வளர்த்து, பின்பு செல்களைக் கழுவி நீக்கி, அவை கட்டிய புரதச் சுவரை மாத்திரம் குழாயாக எடுக்கிறார்கள். செல் இல்லாததால் நோயாளியின் உடல் அதைத் தள்ளுவதில்லை. அதே அனுமதியில், குழாய் கிழிந்து இரத்தப்போக்கு ஏற்படக்கூடும் என்ற கடுமையான எச்சரிக்கையும் சேர்க்கப்பட்டிருக்கிறது. ஆகவே செய்தித்தாளில் படித்தவுடன் “நம் ஆஸ்பத்திரிக்கும் வாங்குவோம்” என்று நாங்கள் உங்களிடம் கேட்கமாட்டோம்.

நம் நாட்டிலும் பொறுமையுள்ள உழைப்பு நடந்திருக்கிறது. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையத்தில் டாக்டர் வலியத்தான் தலைமையில் செயற்கை இருதய வால்வு செய்யப்பட்டது. முதல் மூன்று மாதிரிகள் தோல்வியடைந்தன. நான்காவது 1990 டிசம்பரில் முதன்முதல் ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. அந்த வால்வை இதயத்தோடு சேர்த்துத் தைக்க இடம் கொடுப்பதும் பாலியெஸ்டர் துணி வளையந்தான்.

புண்ணின் தேவை வேறு

இனி கட்டுத்துணிக்கு வருகிறேன். குழாய்க்குள் இரத்தம் உறையக்கூடாது; காயத்திலோ உறைய வேண்டும், அதன்பின் புதுத் தோல் படர வேண்டும். ஆகவே நூலிழையிடம் நாம் கேட்கும் வேலை நேர் எதிரானது.

புண்ணைக் காய விட வேண்டும் என்றுதான் நம் வீடுகளில் சொல்வார்கள். 1962இல் ஜார்ஜ் விண்டர் என்ற ஆராய்ச்சியாளர் பன்றிகளின் சிறு காயங்களைச் சோதித்து, மூடி ஈரம் காக்கப்பட்ட காயத்தில் புதுத் தோல் ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகமாகப் படர்வதைக் காட்டினார். உலர்ந்த காஸ் துணி புண்ணோடு ஒட்டிக்கொள்கிறது. மறுநாள் அதை உரிக்கும்போது, இரவெல்லாம் வளர்ந்த இளந்தோலும் சேர்ந்து உரிகிறது. நோயாளி அலறுகிறார்; இரத்தம் கசிகிறது; வேலை மறுபடியும் முதலிலிருந்து தொடங்குகிறது.

ராமநாதபுரம் கடலோரத்தில் பெண்கள் மூழ்கி எடுக்கும் பாசிகளில் கட்டக்கோரை என்ற பழுப்புப் பாசி ஒன்று உண்டு. அவ்வகைப் பாசிகளிலிருந்துதான் அல்ஜினேட் கிடைக்கிறது. அதை நூலாக்கிக் கட்டாக வைத்தால், புண்ணின் நீரை உறிஞ்சிக் கூழாக மாறுகிறது; ஒட்டாமல் கழுவி எடுக்கலாம். அதிலுள்ள சுண்ணாம்புச் சத்து இரத்தம் உறையவும் உதவுகிறது. இறால் ஓட்டிலிருந்து எடுக்கும் கைட்டோசான் சிவப்பணுக்களை ஈர்த்து இரத்தப்போக்கை நிறுத்துகிறது. ஆழமில்லாத தீக்காயத்திற்கு மாட்டுத்தோல் போன்றவற்றிலிருந்து பிரித்தெடுக்கும் கொலாஜன் தாள் நல்லது. சென்னையிலுள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் இத்துறையில் ஆராய்ச்சி செய்திருக்கிறது. குப்பையென்று நாம் தள்ளுவதைத் தேவன் மருந்தாக வைத்திருக்கிறார்.

ஆயினும் எந்தக் கட்டும் தானாகப் புண்ணை ஆற்றுவதில்லை. செத்த தசையை அகற்ற வேண்டும். இரத்த ஓட்டம் வேண்டும். சர்க்கரை கட்டுப்பட வேண்டும். புண்ணின்மேல் பாரம் விழாமல் பார்க்க வேண்டும். இந்தக் கடைசிப் பாடத்தை நமக்குக் கற்பித்தவர் 1946இல் வேலூருக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட். தொழுநோயாளியின் கால் அழுகுவது மாம்சம் கெட்டதால் அல்ல, வலி தெரியாமல் அதே புண்ணின்மேல் நடந்துகொண்டிருப்பதால் என்று அவர் கண்டார். மாவுக்கட்டும் மென்ரப்பர் செருப்பும் ஆயிரமாயிரம் பாதங்களைக் காத்தன. அதே பாடம் இன்று சர்க்கரை நோயாளிக்கு உதவுகிறது. 2023இல் வெளியான தேசிய ஆய்வின்படி நம் நாட்டில் 10 கோடிக்கும் மேற்பட்டோருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது.

இரண்டு நோயாளிகள்

பெயர் சொல்லாமல் இருவரைப் பற்றிச் சொல்லுகிறேன். இளநீர் வண்டி தள்ளும் ஒரு சகோதரர், சர்க்கரை நோயாளி, காலில் கல் குத்தியதை அறியாமலே நடந்திருக்கிறார். இரண்டு விரல்கள் கறுத்தபின் வந்தார். தொடையில் தமனி அடைபட்டிருந்தது. ஆனால் கணுக்காலுக்கு மேலே சிறு தமனி திறந்திருந்தது. அவருடைய மறுகாலின் நாளத்தை எடுத்துப் பாலம் போட்டோம். பாதம் சூடேறியது. விரல்கள் இரண்டையும் எடுத்தோம். பின்பு மூன்று மாதம், வாரத்திற்கு இருமுறை அல்ஜினேட் கட்டு மாற்றினோம். அவருடைய பஸ் கட்டணம் உங்கள் காணிக்கையிலிருந்து கொடுக்கப்பட்டது. இன்று அவர் மென்ரப்பர் செருப்போடு வண்டி தள்ளுகிறார்.

அதே மாதத்தில் ஒரு தாயாரும் வந்தார். அவருக்கும் அதே புண்தான். மகனுக்குச் செலவு வைக்க மனமில்லாமல், பச்சிலை வைத்துக் கட்டி இரண்டு மாதம் வீட்டிலேயே இருந்துவிட்டார். வரும்போது சீழ் முழங்கால்வரை ஏறியிருந்தது. உயிரைக் காக்க முழங்காலுக்கு மேலே எடுக்க வேண்டியதாயிற்று. எந்த நவீன நூலிழையாலும் அந்தக் காலைக் காப்பாற்றியிருக்க முடியாது. முதல் வாரத்தில் வந்திருந்தால் ஒருவேளை சாதாரணக் கட்டும் ஒரு செருப்புமே போதுமாயிருந்திருக்கும்.

பிரியமானவர்களே, உங்கள் கேள்விக்கு என் பதில் இதுதான். பருத்தித் துணி போதும் இடத்தில் பருத்தித் துணியே வைக்கிறோம். தினமும் மாற்றும் காஸ் துணிக்குப் பதிலாக மூன்று நாளுக்கு ஒருமுறை மாற்றும் அல்ஜினேட், தூரத்துக் கூலித் தொழிலாளிக்குப் பல நாள் சம்பளத்தையும் பஸ் செலவையும் மிச்சப்படுத்துமானால், அங்கே விலையுயர்ந்ததே மலிவானது. சொந்த நாளம் இருந்தால் அதையே வைக்கிறோம். இல்லாதவருக்குச் செயற்கைக் குழாய் அலமாரியில் இருக்க வேண்டும். விபத்தில் தமனி அறுந்து வருகிறவனிடம் “போய் வாங்கி வா” என்று சொல்ல முடியாது.

பணத்தைவிட மேலான ஒரு உதவியையும் கேட்கிறேன். உங்கள் சபையிலுள்ள சர்க்கரை நோயாளிகளின் பாதங்களைப் பாருங்கள். விரலிடுக்கிலும் உள்ளங்காலிலும் கொப்புளம், வெடிப்பு, நிறமாற்றம் இருக்கிறதா? பாதம் சில்லென்று இருக்கிறதா? வலி இல்லையென்று அவர்கள் சொன்னாலும் நம்பாதிருங்கள். வலி இல்லாததே ஆபத்து. அன்றே அனுப்பிவையுங்கள். செலவைப் பற்றிப் பின்பு பேசிக்கொள்ளலாம். ஆண்டவர் சீஷரின் பாதங்களைக் கழுவினார். நமக்கோ பாதங்களைப் பார்ப்பதற்குக்கூடக் கூச்சம்.

நல்ல சமாரியனின் உவமையை எழுதிவைத்தவர் லூக்கா மாத்திரமே. அவர் வைத்தியர். எண்ணெயும் திராட்சரசமும் வார்த்துக் காயங்களைக் கட்டியதை அவர் எழுதினார், அதோடு நிறுத்தவில்லை. சத்திரக்காரனிடம் இரண்டு காசு கொடுத்ததையும், அதிகம் செலவானால் திரும்பி வரும்போது தருவேன் என்று வாக்குக் கொடுத்ததையும் எழுதியிருக்கிறார். காயத்தைக் கட்டுவது ஒரு மணி நேர வேலை. அது ஆறுவது பல மாத வேலை. அந்த இரண்டாவது செலவை ஏற்றுக்கொள்ளும் ஒருவர் இல்லாவிட்டால், கட்டியதும் வீணாய்ப் போகும். சத்திரக்காரனுடைய வேலை எங்களுடையது. திரும்பி வந்து மீதியைக் கொடுக்கிறவர்களாக நீங்கள் இதுவரை இருந்தீர்கள். இனியும் இருப்பீர்கள் என்று நம்புகிறோம். வார்டில் இன்று படுத்திருக்கிற ஒவ்வொரு புண்பட்ட பாதத்திற்காகவும், அதைக் கட்டுகிற செவிலியரின் கைகளுக்காகவும் ஜெபித்துக்கொள்ளுங்கள். கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பாராக. ஸ்தோத்திரம்.